எஸ்கோவின் கத்திக்கு நான்காவது பிடி

2014 ஆகஸ்ட் ஒன்பதாம் தேதிக்கும் செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதிக்கும் இடையில் ரைலி கங்காஸ் ஒரே கத்திக்கு மூன்று முறை பிடி மாற்றினாள். மூன்று முறையும் கத்தியின் சொந்தக்காரன் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னான்.

"நல்லாத்தான் இருக்கு."

கௌஹவா ஊர்க்காரர்கள் வாயிலிருந்து இதைவிட மோசமான வார்த்தை வராது. பின்லாந்தில் மற்ற ஊர்களில் எப்படியோ, இங்கே பிடித்திருந்தால் "பரவாயில்ல" என்பார்கள். ரொம்பப் பிடித்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். "நல்லாத்தான் இருக்கு" என்றால், நீயே வைத்துக்கொள் என்று அர்த்தம்.

ரைலிக்கு ஐம்பத்தொன்பது வயது. பழைய கார்பன் எஃகுக் கத்திகளுக்குப் புதுப் பிடி போடுவது தொழில். ஹெல்சிங்கியிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் தபாலில் கத்திகள் வந்துகொண்டே இருக்கும். டிசம்பர் வரைக்கும் வேலை கையில் இருந்தது. தொலைவில் இருப்பவர்கள் எவரும் முகம் சுளித்ததில்லை. சுளிப்பவன் நான்கு தெரு தள்ளி இருக்கும் எஸ்கோ. பள்ளியில் அவளோடு ஒரே வகுப்பு. ஊர் வேட்டைக் குழுவில் எல்க் மானின் வயிற்றைத் திறந்து தோலுரிப்பது அவன் பொறுப்பு. முப்பத்தொரு வருடமாக இந்தக் கத்தியால்தான்.

அந்த வாரச் சனிக்கிழமை வேட்டை தொடங்குகிறது. அதைவிடப் பெரிய தலைவலி கத்தியின் வாலில் இருந்தது. பிடிக்குள் நுழைந்து மறுமுனையில் வெளிவரும் கம்பியைத்தான் வால் என்பார்கள். அதன் நுனியைப் பித்தளை வில்லைமேல் அடித்துத் தட்டையாக்கினால் பிடி நிற்கும். பிடியைக் கழற்ற அந்தத் தட்டையை அரத்தால் ராவ வேண்டும். ஒவ்வொரு முறையும் வால் மூன்று மில்லிமீட்டர் குறையும். இனி ஒரே ஒரு பிடிக்குத்தான் நீளம் இருந்தது. பற்றவைத்து நீட்டலாம் என்றால் அந்தச் சூட்டில் அலகின் பதம் போய்விடும். நான்காவதும் தப்பினால் எஸ்கோவுக்குக் கத்தி இல்லை.

"கடையில ஸ்டெயின்லெஸ் கத்தி ஒண்ணு வாங்கி அவன் வாசல்ல வீசிட்டு வா" என்றார் அவள் கணவர் ஆவ்லிஸ், காப்பியை உறிஞ்சிக்கொண்டே.

"உங்க மூஞ்சியிலதான் வீசணும். பழைய பிடி இருந்திருந்தா அளவாவது எடுத்திருப்பேன்."

"அத சவுனா அடுப்புல போட்டது யாரு? நானா?"

அவள்தான். ஆகஸ்டில் கத்தி வந்த அன்றைக்கே பிடியைக் கழற்றினாள். வெடித்து, கறுத்து, முதுகுப் பக்கம் தேய்ந்து குழிவிழுந்து கிடந்தது. சனிக்கிழமை நீராவிக் குளியலுக்குச் சவுனா மூட்டும்போது காய்ந்த பிர்ச் கட்டை எது கிடைத்தாலும் உள்ளே போகும். அதுவும் போனது. நன்றாக எரிந்தது என்பது வேறு விஷயம்.

செவ்வாய்க்கிழமை அவள் மீன்காரரிடம் ஒரு பெரிய பைக் மீனை வாங்கி, மேசையிலிருந்து கத்தியையும் எடுத்துக்கொண்டு எஸ்கோ வீட்டுக்குப் போனாள். மீனைக் கழுவுதொட்டியில் போட்டாள்.

"இத அறுத்துக் குடு."

"உன் வீட்ல கத்தி பஞ்சமா?"

"அறுடா."

மூன்றாவது பிடியில் விரலுக்கு ஒன்றாக நான்கு பள்ளம் வெட்டியிருந்தாள். ஜெர்மனிக்காரர்கள் அதற்கு உயிரை விடுவார்கள். எஸ்கோ கத்தியை எடுத்தான். மீனின் வயிற்றில் நுனியை நுழைக்கும் நொடியில் கத்தியை அப்படியே புரட்டினான். கூர் மேலே, முதுகு கீழே. அவன் விரல்கள் பிடியின் முதுகைச் சுற்றிக்கொண்டன. ரைலியின் நான்கு பள்ளமும் அவற்றின் நடுமேடுகளும் அவன் உள்ளங்கையில் போய் அழுந்தின.

"நிறுத்து. கையக் காட்டு."

உள்ளங்கையில் மூன்று சிவப்புத் தடம்.

"ஏன்டா, தலைகீழாப் பிடிப்பேன்னு ஒரு வார்த்த சொன்னா வாய் வெந்துபோகுமா?"

"தலைகீழாவா பிடிக்கிறேன்?" எஸ்கோ தன் கையையே பார்த்தான். "வயித்தத் திறக்கறப்ப கூரக் கீழ வெச்சா குடல் கிழிஞ்சு கறியெல்லாம் நாறிடும், ரைலி. எல்லாரும் இப்படித்தானே செய்வாங்க."

"மூணு தடவ என்ன கொறைன்னு கேட்டேனே!"

"பிடிச்சுப் பாத்தா நல்லாத்தான் இருந்துச்சு. வேல செஞ்சாத்தானே குத்துது. அதான் நல்லாத்தான் இருக்குன்னு சொன்னேன்."

ரைலிக்கு மீனைத் தூக்கி அவன் தலையில் அடிக்கலாம் போல இருந்தது. அடித்திருந்தாலும் கோபம் அவன்மேல் முழுசாக நின்றிருக்காது. முப்பத்தெட்டு வருடமாகப் பிடி போடுகிறாள். ஒரு எல்க்கின் வயிற்றைத் திறந்ததில்லை, திறப்பவன் பக்கத்தில் நின்றதும் இல்லை. முதுகுப் பக்கத்துக் குழி தேய்மானம் இல்லை, அளவு. எஸ்கோவின் விரல்கள் முப்பத்தொரு வருடம் எழுதிவைத்ததை அவள் அடுப்பில் போட்டுக் குளித்துவிட்டாள்.

வெட்டின மரம் திரும்ப ஒட்டாது. மூன்றாவது பிடியையும் ராவி எடுத்தாள். இந்த முறை மரம் வேண்டாம் என்று பிர்ச் மரத்தின் பட்டையைச் சதுரம் சதுரமாக வெட்டி, வாலில் கோத்து இறுக்கினாள். ரத்தத்திலும் கொழுப்பிலும் வழுக்காது. வால் நுனியில் இரண்டு மில்லிமீட்டர்தான் மிஞ்சியது. சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டினாள். நுனி விரிந்தது, வெடிக்கவில்லை.

வியாழக்கிழமை எஸ்கோவைப் பட்டறைக்கே வரவழைத்து, கத்தியைத் தலைகீழாகப் பிடிக்கச் சொல்லி, விரல் அழுந்தும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, அங்கே அரம் பிடித்தாள். பிடி, ராவு, பிடி, ராவு. மூன்று மணி நேரம். "காப்பியாவது குடுப்பியா?" என்று ஒருமுறை கேட்டான். "வாய மூடிட்டுப் பிடி" என்றாள்.

கடைசியில் ஆளிவிதை எண்ணெய் தடவி நீட்டினாள். எஸ்கோ வாங்கினான். புரட்டினான். காற்றில் ஒரு வயிற்றைத் திறந்தான். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கத்தியை உறையில் செருகிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

"ஒரு வார்த்த சொன்னா என்னவாம்!" என்று மூடிய கதவைப் பார்த்துக் கத்தினாள் ரைலி.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வேட்டை தொடங்கியது. இருட்டுவதற்குள் எஸ்கோ அந்தக் கத்தியால் ஒரு ஆண் எல்க்கையும் இரண்டு கன்றுகளையும் உரித்து முடித்தான்.