அம்மாவின் நடுத் தேதி

அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், எங்களோடு ஜெபிக்கவும் உண்ணவும் வந்திருக்கும் உங்கள் கையில் இந்நினைவு மலரை வைக்கிறோம். அட்டையில் அம்மாவின் படத்துக்குக் கீழே மூன்று தேதிகள் இருக்கும்: பிறப்பு, மறுபிறப்பு, நித்திரை. மாமா வீட்டார் யாரும் நடுவில் உள்ளதை அச்சுப்பிழை என்று எண்ணிவிட வேண்டாம். அது அடுத்த பிறவியைப் பற்றியதும் அல்ல. ஒருவர் இதே பிறவியில் கிறிஸ்துவை விசுவாசித்து உள்ளுக்குள் புதிதாய்ப் பிறப்பதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்கிறோம். அந்தத் தேதி எப்படிக் கிடைத்தது என்பதை மகளாகிய நான்தான் எழுத வேண்டும் என்று சித்தப்பா சொல்லிவிட்டார்.

அம்மா சங்கரன்கோவிலில் பிறந்தவர்கள். தாத்தாவுக்குக் கோயில் வாசல் பக்கம் தேங்காய் பழக்கடை. இப்போது பெரிய மாமா நடத்துகிறார். ஆடித்தபசு வந்துவிட்டால் அந்த வீட்டில் ஒருவருக்கும் உட்கார நேரம் இருக்காது. அம்மா பிறந்த நாளைக் குறித்துவைக்கவும் யாருக்கும் நேரம் இருக்கவில்லை போலும். பள்ளியில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர், கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொடச் சொன்னாராம். விரல் எட்டியது. ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொண்டார். அட்டையில் உள்ள முதல் தேதி அதுதான்.

அப்பா விசைத்தறி வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. இருவரும் ஒருவரை ஒருவர் விரும்பியபோது, ஞானஸ்நானம் எடுத்தால்தான் ஆலயத்தில் திருமணம் என்று அப்பா வீட்டார் உறுதியாக நின்றார்கள். அம்மா எடுத்தார்கள். விசுவாசம் வந்து எடுத்ததல்ல, அப்பாவை மணக்க எடுத்தது. இதை அவர்கள் ஒருநாளும் மறைத்ததில்லை. "தாலிக்கு முன்னால தண்ணி" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

நானும் தம்பியும் சிறுபிள்ளைகளாக இருக்கும்போதே அப்பா மஞ்சள் காமாலையில் இறந்துபோனார்கள். அதன்பின் தறிகளை அம்மாவே ஓட்டினார்கள். அந்தச் சத்தத்துக்குள்தான் நாங்கள் படித்தோம். அம்மாவுக்குக் காது மந்தமானதும் அந்தச் சத்தத்தால்தான். கோபம் உள்ள இடத்தில் குணம் இருக்கும் என்பார்கள். அம்மாவிடம் இரண்டும் தாராளமாக இருந்தன. இம்மலரைப் படிக்கிறவர்களில் ஏச்சு வாங்காதவர்கள் குறைவு, சோறு வாங்காதவர்கள் அதைவிடக் குறைவு.

சென்ற ஆண்டு இதயம் பழுதாகி அம்மா திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் இருந்தார்கள். அப்பாவின் தம்பியான சித்தப்பா பார்க்க வந்தார். அவர் வேறொரு சபைக்குப் போகிறவர். அங்கே ஒவ்வொருவரும் தாம் மறுபடி பிறந்த நாளைச் சொல்லிச் சாட்சி கொடுப்பது வழக்கம். இறந்தபின் நினைவு அட்டையிலும் அந்த நாளைப் போடுவார்கள். அவர் அன்பாகத்தான் கேட்டார்.

"மைனி, நீங்க என்னைக்கு மறுபடி பிறந்தீங்க? ஒரு நாளு இருக்கணும்லா?"

"முதப் பிறப்புக்கே எனக்கு வாத்தியார் போட்ட தேதிதான் தம்பி. அதுக்காக நான் பிறக்கலன்னு ஆயிருமா? பிறந்த பிள்ளைக்கா தேதி தெரியும்? பாத்தவங்கள்லா சொல்லணும்."

சித்தப்பா சிரிக்கவில்லை. "விசுவாசிச்சாத்தான மைனி மறுபிறப்பு? நாமளா முடிவெடுத்து விசுவாசிச்ச நாளு நமக்குத் தெரியாமப் போவுமா?" என்றார். பிறகு ஜெபித்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் அம்மாவின் முகம் வாடிவிட்டது. "ஏட்டி, உங்கப்பாவைக் கட்டத்தான் நான் தண்ணிக்குத் தலையக் குடுத்தேன். அது சேருமா, சேராதா? பரலோகத்துல என்னைய உள்ள விடுவாங்களா?" என்று கேட்டு அழுதார்கள். மருத்துவர் சொன்ன எதற்கும் அஞ்சாத அம்மா இந்த ஒன்றுக்கு அஞ்சினார்கள். எனக்குச் சித்தப்பா மேல் கோபம் வந்தது.

மறுநாள் வந்த எங்கள் ஆலயத்துக் குருவானவரிடம் கேட்டேன். சித்தப்பா சொன்னது தவறென்று அவர் சொல்லவில்லை. விசுவாசித்த பின்பே புதுப்பிறப்பு என்று போதிக்கிறவர்கள் உண்டு. தேவன் முதலில் பிறப்பிக்கிறார், விசுவாசம் அந்தப் பிள்ளையின் முதல் மூச்சு என்று போதிக்கிறவர்களும் உண்டு என்றார். பிறகு அம்மாவின் காதருகே குனிந்து உரக்கச் சொன்னார்: "செத்துப் பிறந்த பிள்ளை அழுமாம்மா? உள்ள விடுவாங்களான்னு நேத்து அழுதீங்கள்லா, உசுருள்ள பிள்ளைதான் அப்படி அழும்." அம்மா தலையாட்டினார்கள். முழுதும் தெளிந்தார்கள் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. சில நாட்களில் கண்மூடினார்கள்.

இம்மலரை அச்சிடும் பொறுப்பைச் சித்தப்பா ஏற்றார். சென்ற மாதம் அட்டையின் மாதிரியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். நடுவரி வெறுமையாக இருந்தது. அந்த வரியையே எடுத்துவிடுங்கள் என்றேன்.

"எடுத்துட்டா எங்க சபைக்காரங்க மைனி மறுபடி பிறக்கவே இல்லன்னுல்லா நினைப்பாங்க? அதுக்காகத் தெரியாத நாளையும் எழுத முடியாது மக்கா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஓராண்டாக அவரும் அதே கவலையைத்தான் சுமந்திருக்கிறார் என்று அப்போதுதான் கண்டேன்.

மலருக்காக அம்மாவின் பழைய படம் ஒன்றைத் தர வந்திருந்த பெரிய மாமா, கேட்டுக்கொண்டே இருந்தவர், மெல்லப் பேசினார்.

"மாப்ளே, உங்க வேதம் எனக்குத் தெரியாது. நாளு தெரியும். மச்சானை அடக்கம் பண்ணின அடுத்த ஞாயித்துக்கெழமை, இவளையும் பிள்ளையளையும் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்தேன். பிள்ளையளக் கையில பிடிச்சிக்கிட்டு வாசல்ல நிக்கா. எங்கட்டின்னேன். சர்ச்சுக்குன்னா. யாருக்காகப் போனியோ அவரே போயாச்சு, இன்னும் என்னத்துக்குன்னேன். 'அவுகளுக்காகத்தாம்ணே போனேன். இப்ப அவுக இல்ல. ஆனாலும் போவணும்னு இருக்கு. எப்பத்துல இருந்துன்னு எனக்கே தெரியல'ன்னா. நான் அப்படியே திரும்பிட்டேன். எங்க வீட்டுப் பிள்ளை வேற வீட்டுல பிறந்துட்டான்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

சித்தப்பா, அப்பாவை அடக்கம் செய்த தேதியை என்னிடம் கேட்டு, அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையைத் தம் கையாலேயே நடுவரியில் எழுதினார். அன்றுதான் அம்மா பிறந்தார்களா, முன்பே பிறந்து அன்று வெளியே தெரிந்ததா என்பதை நான் அறியேன். பார்த்தவர் சொன்ன நாள் அது.

அம்மாவைக் கவனித்த செவிலியர்களுக்கும், குருவானவருக்கும், அந்நாட்களில் தறிகளை நிற்காமல் ஓட்டிய அயலாருக்கும், சித்தப்பாவுக்கும் எங்கள் நன்றி. பெரிய மாமாவுக்கு நன்றி என்ற சொல் போதாது. அவர் வாரந்தோறும் பழச்சீப்போடு பேருந்து ஏறி வந்து அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். அம்மாவைக் கலங்கவைத்த கேள்விக்குப் பதில் அவரிடம் இருந்தது. பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும் என்று சொன்ன அம்மா உட்பட, எங்களில் ஒருவருக்கும் அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

மகள்
சங்கரன்கோவில்