சின்னையாவின் நாலு மிதி

நாகூர் மீரான் வெங்காயக் கடை லாரிக்கு நாலாவது மிதியில்தான் பிரேக் பிடிக்கும். முதல் மிதி சும்மா போகும். இரண்டாவது கொஞ்சம் யோசிக்கும். மூன்றாவதில் லாரி முனகும், நாலாவதில் நிற்கும். இந்த சூட்சுமம் பினாங்குத் தீவிலேயே ஒரே காலுக்குத்தான் தெரியும். அது டிரைவர் சின்னையாவின் வலது கால்.

தீவுக்குப் பாலம் வராத காலம் அது. அக்கரை பட்டர்வொர்த்துக்குப் போகும் ஃபெரியில் வேலை செய்கிறவர்கள் அவர் லாரியைக் கண்டாலே ஒதுங்கி நிற்பார்கள். அது மரியாதை என்று சின்னையா நினைத்துக்கொண்டார். உயிர்ப்பயத்தை மரியாதையாக எடுத்துக்கொள்ளவும் ஒரு மனசு வேண்டுமே, அது அவருக்குத் தாராளமாக இருந்தது.

முதலாளியின் அக்கா மகன் பஷீருக்கு அந்த டிரைவர் சீட்டின்மேல் ஒரு கண். ஒருநாள் எடுத்துக்கொண்டு போனவன், காப்பிக்கடை முக்காலிகளை நொறுக்கிவிட்டு வந்தான். "சின்னையா அண்ணனத் தவிர இத யாராலயும் ஓட்ட முடியாதுலா," என்று முதலாளியே சொல்லிவிட்டார். அன்றைக்கு சின்னையாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து லாரி விற்ற கம்பெனியிலிருந்து ஆள் வந்தான். இந்த லாரி வாங்கிய வருஷத்து லாரிகளில் பிரேக் பம்புக்குள் இருக்கும் ரப்பர் கோளாறாம். கொண்டுவந்தால் காசில்லாமல் மாற்றிக் கொடுப்பார்களாம்.

"பிரேக் எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டான்.

"தங்கம்!" என்றார் சின்னையா. நல்ல பிரேக் வந்துவிட்டால் எவன் வேண்டுமானாலும் ஓட்டுவானே! பஷீர் ஓட்டுவான். அப்புறம் ஐம்பது தாண்டிய மனுஷனுக்குக் கடையில் என்ன வேலை? உட்கார்ந்து வெங்காயம் உரிப்பதா?

முதலாளி லாரியைக் கொண்டுபோகச் சொன்னபோதெல்லாம் சாக்கு சொன்னார். தாசேக் கெலுகோர் ஊருக்கு லோடு இருக்கிறது என்றார். டயர் சரியில்லை என்றார். கடைசியில் ராகுகாலம் என்றார். மீரானும் எதற்கு வம்பு என்று விட்டுவிட்டார்.

தைப்பூசம் நெருங்கியது. வருஷா வருஷம் தெருப் பெண்களை லாரியில் ஏற்றித் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கொண்டுபோவது சின்னையாதான். அவர் மனைவி மீனாட்சி பால்குடம் நேர்ந்திருந்தாள். கம்பெனி ஆள் வந்த விஷயம், காய் வாங்கப் போன பாசாரில் அவள் காதுக்கு எட்டிவிட்டது.

"நான் அந்த லாரில ஏற மாட்டேன்."

"ஏண்டி, என் கால்மேல நம்பிக்க இல்லியா?"

"உங்க காலா? இத்தன வருஷமா பக்கத்துல உக்காந்து நானும்தான மிதிச்சிக்கிட்டு வர்றேன்! ஜங்ஷன் வந்தா போதும், முருகா முருகான்னு தரைய மிதிக்கிறேன். நீங்க நாலு மிதின்னா நான் பத்து மிதி. பின்னால புள்ளைங்களோட நிக்கிறாளுங்களே, அவளுங்க எதப் போயி மிதிப்பாளுங்க?"

மறுநாள் சின்னையாவே லாரியைக் கம்பெனிக்குக் கொண்டுபோய் விட்டார். சாயங்காலம் இழவு வீட்டுக்குப் போய்வந்த முகத்தோடு திரும்பினார்.

பஷீர் துள்ளி ஏறினான். தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கி, சாவியை சின்னையாவிடமே நீட்டினான்.

"என்னாண்ணே இது, தொட்டா நிக்குது! இத யாரும் ஓட்டலாம்லா. எனக்கு வேணாம்."

போன உயிர் சின்னையாவுக்குத் திரும்பி வந்தது, கூடவே அவமானமும் வந்தது.

தைப்பூசத்தன்று முதல் ஜங்ஷனில் பழக்க தோஷத்தில் ஓங்கி மிதித்தார். லாரி அறைந்தாற்போல் நின்றது. பின்னால் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து "அரோகரா!" என்று கத்தினார்கள். மீனாட்சி வாய்க்கு வந்தபடி திட்டினாள். "பிரேக்கு புதுசுடி, கோச்சுக்காத," என்று கெஞ்சிவிட்டு, பூனைபோல ஓட்டினார்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தார். அங்கே போய்ப் பால் ஊற்ற வேண்டிய காலிக் குடத்தை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு, வாயைப் பிளந்தபடி மீனாட்சி தூங்கிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் லாரியில் தூங்கி அவர் பார்த்ததே இல்லை. பேச்சுக்கு ஆசைப்பட்டு முழித்துக்கொண்டு வருகிறாள் என்றுதான் நினைத்திருந்தார். அவளுடைய கால்கள் தரையில் சும்மா கிடந்தன.

சின்னையாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த சிக்னலில் அவள் தூக்கம் கலையாதபடி மெதுவாக மிதித்தார், ஒரே ஒரு மிதி.