வினையை முன்னால் சொல்லும் ஊர்

இந்த ஊரில் காலையில் பேருந்துக்கு நிற்கிறவர்கள் முதலில் பேசுவது மழையைப் பற்றித்தான். "இட்ஸ் ரெய்னிங்" என்பார்கள். 2006இல் இங்கிலாந்தின் வடக்கே உள்ள இந்தச் சிற்றூருக்கு, ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலைக்கு வந்த புதிதில், அந்த 'இட்' என்னைப் பாடாய்ப் படுத்தியது. குமரி மாவட்டத்தில் எங்கள் அருமனையில் மழை தானாகப் பெய்யும். இங்கே மழை பெய்யவும் ஓர் ஆள் வேண்டும் போலிருக்கிறது. ஒருநாள் என்னோடு வேலை பார்த்த பெண்ணிடம் கேட்டேவிட்டேன்: "ஹூ இஸ் இட்?" வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அவள் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்த்தாள்.

'கொடுத்தேன்' என்றால் நமக்கு அது முழு வாக்கியம். கொடுத்தது யார் என்பது வினையின் வாலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பழக்கத்தில் குறிப்பேட்டில் "கேவ் மெடிசின்" என்று எழுதி வைத்தேன். மூத்த நர்ஸ் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் "ஹூ?" என்று எழுதியிருந்தார். அதற்குப்பின் ஒவ்வொரு வரியிலும் 'ஐ, ஐ' என்று எழுதவேண்டி வந்தது. நான் கொடுத்தேன், நான் குளிப்பாட்டினேன், நான் பார்த்தேன். ஊரில் யாராவது இப்படிப் பேசினால் தற்பெருமைக்காரி என்பார்கள்.

இரண்டு வருடம் கழித்து என் கணவர் தங்கராஜ் வந்து சேர்ந்தார். அருமனையில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்தவர். தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு வரை படிப்பு. களியக்காவிளைச் சந்தையில் தமிழும் மலையாளமும் கலந்து எவரையும் பேசி மடக்கிவிடுகிறவர், இங்கே ரொட்டி வாங்கக்கூட என் பின்னால் நின்றார். எனக்கு அது பொறுக்கவில்லை. ஊர் நூலகத்தில் வெளிநாட்டவருக்காக நடந்த ஆங்கில வகுப்பில் சேர்த்துவிட்டேன். அங்கே ஆசிரியை பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்தாராம். முதல் கட்டத்தில் செய்கிறவர், நடுவில் செயல், கடைசியில் செயப்படுபொருள். வீட்டுக்கு வந்ததும் இவர் அதை ஒரேயடியாக எதிர்த்தார்.

"காரியத்த முதல்லயே சொல்லியாச்சின்னா, மிச்சத்த ஆரு மக்கா கேப்பாவ?"

ஆனாலும் விடாமல் போனார். ஒரு சனிக்கிழமை பின்கட்டில் அயிலை மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு ஜீன் அம்மாவின் பூனை ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடியது. ஜீன் கணவரை இழந்தவர், அறுபது வயதுக்கு மேல், எங்களோடு அதுவரை வணக்கத்துக்கு மேல் பேசியதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அவரிடம் இவர் முறையிட்டார். 'மீனைப் பூனை தின்றது' என்று மனதுக்குள் தமிழில் சொல்லி, வினையை மட்டும் ஞாபகமாக நடுக்கட்டத்தில் தூக்கி வைத்தார்: "மை ஃபிஷ் ஏட் யுவர் கேட்."

நம் தமிழில் மீனோடு ஓர் 'ஐ' உருபு ஒட்டிவிட்டால் போதும். அதை எங்கே வைத்தாலும் பூனைதான் தின்னும். ஆங்கிலத்தில் முன்னால் உட்கார்ந்தவர்தான் தின்பவர். ஜீன் கையிலிருந்த துணிக்கூடையைப் போட்டுவிட்டுப் பூனையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார். அது கொட்டகைக்கு அடியில் மீசையை நக்கிக்கொண்டிருந்தது. விஷயம் புரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் எங்களுக்கு ஒரு சொந்தம் கிடைத்தது. அன்று மத்தியானம் எங்கள் வீட்டில்தான் மீன்குழம்புச் சோறு தின்றார்.

2010 பனிக்காலத்தில் நான் நிறைமாதமாக இருந்தேன். நாள் குறித்ததற்கு மூன்று வாரம் முன்னதாகவே, பட்டப்பகலில், அடுக்களையில் வலி வந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே முழங்கால் அளவு பனி. வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவள் நான், என்னால் மூச்சுவிட மட்டுமே முடிந்தது. என் கணவர்தான் போனில் ஆம்புலன்ஸை அழைத்தார். மை வைஃப், கிச்சன், ஃப்ளோர் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். வினை வரவேயில்லை. போனில் அந்தப் பக்கம் இருந்த பெண் "இஸ் ஷீ ப்ரீதிங்?" என்று கேட்டது எனக்கே கேட்டது. அவர் காதில் அது 'ப்ளீடிங்' என்று விழுந்தது. இரத்தம் இல்லையே என்ற ஆறுதலில் உறுதியாகச் சொன்னார்: "நோ, நோ."

அந்தப் பெண் பதறிப்போய் என் நெஞ்சை எப்படி அமுக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினாள். "மூச்சு விடுதாளான்னு கேக்காவ" என்று நான் தரையிலிருந்து கத்தினேன். அவர் என்னைப் பார்த்தார். கண்ணை மூடினார். மூன்று கட்டங்களும் அந்தக் கண்ணுக்குள் வந்திருக்க வேண்டும்.

"மை வைஃப் இஸ் ப்ரீதிங். த பேபி இஸ் கமிங். வீ நீட் ஹெல்ப்."

செய்கிறவர், செயல், எல்லாம் அதனதன் இடத்தில். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பெருமையும் வந்தது. சத்தம் கேட்டு ஜீன் துண்டுகளோடு வந்தார். போனில் அந்தப் பெண் சொல்லச் சொல்ல இவர் செய்தார். பனியில் ஊர்ந்து வந்த ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்பும்போது குழந்தை அவர் கைக்கு வந்துவிட்டது.

"பெறந்துட்டு மக்கா," என்றார் என்னிடம். பொம்பளைப் பிள்ளையா ஆண் பிள்ளையா என்று பார்க்கவே மறந்துபோனார். "வாட் இஸ் இட்?" என்றார் ஜீன். மழையைப் பெய்வித்த அதே 'இட்'தான். அன்று மட்டும் அந்த ஆள் யாரென்று எனக்குத் தெரிந்திருந்தது.

போன விடுமுறைக்கு அருமனை போனோம். மகள் ஆன்சிக்கு இப்போது ஐந்து வயது. ஜீன் தன் கையால் பின்னிய கம்பளிச் சால்வை ஒன்றை என் நாத்தனாருக்கு, ஆன்சியின் மாமிக்கு, கொடுத்தனுப்பியிருந்தார். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே அவள் அதை வாங்கிவைத்தாள். நன்றி சொல்ல மடிக்கணினியில் ஜீனை அழைத்தோம். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது, ஆன்சிதான் நடுவில் இருந்து மாற்றிச் சொன்னாள். தமிழில் கடைசிச் சொல் வரும்வரை அவளால் ஆங்கிலத்தைத் தொடங்கவே முடியவில்லை.

நாத்தனார் நிதானமாகத் தொடங்கினாள். "நீங்க தந்துவிட்ட சால்வைய, இவளுக்க அப்பன் கேட்டும் குடுக்காம, எனக்க தேக்குப் பெட்டியில, துணியளுக்கு மேல..."

பொறுக்கமாட்டாமல் ஜீன், பிடித்திருக்கிறதா என்று கேட்டார். "வெயிட், ஜீன்" என்று ஆன்சி ஒரு கையைத் திரையை நோக்கி நீட்டினாள். மறு கை மாமியின் முழங்காலில் இருந்தது. காதை மாமி பக்கமும் கண்ணை ஜீன் பக்கமும் வைத்து, வாயைப் பாதி திறந்தபடி, இன்னும் வராத அந்த வினைக்காக அவள் காத்திருந்தாள்.