ஈரம் காயும் வரை

ஈரத்துணியைப் பிழிந்து பானெட்டின் மேல் விரித்து, மூலைக்கு மூலை இழுத்துத் துடைக்கிறார். நனைந்த இடமெல்லாம் கருநீலம் திரும்பி வருகிறது. தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். சந்தேகமில்லை, புதுக் கார்தான். ஆனால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டுகள் பல்லிளிக்கும். மறுபடி வாளிக்கு ஓடுவார்.

என் எதிர்வீட்டுக்காரர். ஒரு ஹோட்டலின் விருந்தினர்களைச் சொந்தக் காரில் ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. மற்ற ஓட்டுநர்கள் வைத்த பெயர் ‘ஈரத்துணி’. கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார், திரும்பிப் பார்ப்பார். “இன்ஜின் தங்கம் சார். ஒரு நாள் நடுரோட்டுல நிக்க வெச்சதில்ல” என்பார். இன்ஜினை யார் பார்க்கிறார்கள்?

நகங்களை ஒட்ட வெட்டியிருப்பார். ஏன் என்று கேட்டேன். “கை சும்மா இருக்காது சார். பெயிண்ட் உரிஞ்ச ஓரத்தப் பார்த்தா நோண்டத் தோணும். நோண்டினா பரவும்.” மைத்துனர் ஒருமுறை பேச்சுவாக்கில் ஒரு செதிலைக் கிள்ளிவிட்டார். அவரோடு வெகுநாள் பேச்சுவார்த்தை இல்லை.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், காரைக் கெடுத்தது வெயில் பாதி, இவர் பாதி. முதலில் லேசாக மங்கியது, அவ்வளவுதான். ஞாயிறு தவறாமல் பாலிஷ் போட்டு, குழந்தைக்கு முதுகு தேய்ப்பது போலத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கப் பளபளத்தது. பிறகு உரிய ஆரம்பித்தது. பெயிண்டர் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பெயிண்டுக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும்ணே. அதத்தான் இத்தன நாளா தேய்ச்சு எடுத்திருக்கீங்க. இனிமே மொத்தமாச் சுரண்டிட்டுப் புதுசா அடிக்கணும்.” அந்தச் செலவுக்குக் காரே விலைபோகாது. அன்றிலிருந்துதான் ஈரத்துணி.

ஹோட்டலுக்குப் புது மேனேஜர் வந்தார். பார்வைக்கு லட்சணமில்லாத வண்டிகள் இனி வேண்டாம் என்று சொல்லி, எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தச் சொன்னார். இவ்வளவு பழைய காரை வேறு எவரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். இந்த வயதில் ஓட்டுநரையும்தான். துணைக்கு நானும் போனேன். போகாமலே இருந்திருக்கலாம்.

மேனேஜர் வரிசையின் மறுகோடியிலிருந்து நிதானமாக வந்தார். பொட்டு நிழல் இல்லை. இவர் துடைத்தார், காய்ந்தது. துடைத்தார், காய்ந்தது. வாளி காலியானதும் குடிக்க வைத்திருந்த பாட்டிலையும் கவிழ்த்தார். மேனேஜர் வந்து நின்றபோது கார் ஜம்மென்றுதான் இருந்தது. “பரவாயில்லையே” என்றார். அந்த நேரம் பார்த்தா அவருக்கு ஃபோன் வர வேண்டும்! பேசினார், சிரித்தார், பேசிக்கொண்டே இருந்தார். பானெட்டின் நடுவில் ஒரு திட்டு எட்டிப் பார்த்தது. பக்கத்தில் இன்னொன்று. இவர் கையில் துணி இருந்தது. அவர் கண்ணெதிரே எப்படித் துடைப்பது?

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினார். “என்னங்க இது?”

“இன்ஜின் தங்கம் சார்.”

“வண்டிய எடுத்துடுங்க பெரியவரே. கெஸ்ட் முன்னாடி இத நிறுத்த முடியாது.”

அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

அவர் வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தார். முகத்தைப் பார்த்தார். “சாப்பிட வாங்க” என்றார்.

“நீ போ, வரேன்.”

தோளில் துணி காய்ந்து விறைத்திருந்தது. பானெட்டின் ஓரத்தில் ஒரு செதிலைத் தூக்கப் பார்த்தார். நகம் இல்லை. சட்டைப்பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்து, அதன் முனையை அடியில் நுழைத்து, நிதானமாக உரிக்கத் தொடங்கினார்.