செகண்ட்ஸ்

அனுப்பர்பாளையத்து அறையை விட்டு நடந்துகொண்டிருந்தேன். பையில் இரண்டு சட்டையும், அறைத்தோழன் அந்தோணி கொடுத்த சிடியும் இருந்தன.

அந்தோணி பனியன் கம்பெனியில் டெய்லர். ஞாயிற்றுக்கிழமைகளில் ராப் பாடுவான். நானும் பாட்டு எழுதிப் பார்த்தவன்தான், எனக்கு வரவில்லை. அதே கம்பெனியில் நான் செக்கிங். குறையுள்ள பனியனை செகண்ட்ஸ் என்று ஒதுக்குவது என் வேலை. அவன் பாடிக்காட்டியதில் நல்ல பாட்டாகப் பார்த்து, "இது செகண்ட்ஸ்டா, வெளியே விடாதே" என்பேன்.

"செக்கிங் அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்லா" என்று சிரித்துக்கொண்டே ஒதுக்கிவிடுவான்.

அன்று காலை, ஒதுக்கிய ஒன்பது பாட்டையும் ஒரே சிடியாகப் போட்டுக் கொண்டுவந்தான். அட்டையில் 'செகண்ட்ஸ்' என்று தலைப்பு. அதன் கீழே 'செக்கிங்' என்று போட்டு என் பெயர்.

"கழிச்சதையும் நாலு பேரு கேக்கட்டும்ணே. நீங்க ஒருத்தர்தான எல்லாத்தையும் முழுசாக் கேட்டீங்க" என்றான்.

உண்மையைச் சொல்லாமல், சட்டைகளைப் பையில் திணித்தேன். கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் அவன் மூன்றாவது பாட்டுதான் வாயில் வந்தது. அப்போதும், அது என் பாட்டாக இருந்திருக்கக் கூடாதா என்றுதான் மனம் எரிந்தது.

மறுநாள் காலை முதலிபாளையத்தில் ஒரு கம்பெனி சூப்பர்வைசர், "செக்கிங் தெரியுமுங்களா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு, துணிக்கட்டுத் தூக்கும் வேலையில் சேர்ந்தேன்.