டார்வினில் கட்டிய பிராது

எனக்குப் பதினொரு வயதில் ஆஸ்திரேலியாவில் நான் ஒரு வழக்குப் போட்டேன். மனு என் கையெழுத்து. அதைக் கட்டிய சிவப்பு ரிப்பன் என் சடையில் இருந்தது. காலையில் கட்டினேன், சாயங்காலமே தீர்ப்பு வந்துவிட்டது. விருத்தாசலத்தில் இந்தக் கதையை என் வாயால் கேட்காதவர்கள் அந்த வருஷம் ரொம்பக் குறைவு. பஸ் ஸ்டாண்டுப் பூக்காரம்மா வரைக்கும் தெரியும்.

நாங்கள் அங்கே போனது மாமாவால். ரத்த உறவு இல்லை, அப்பாவின் சிநேகிதர். இருவரும் ஒரே பீங்கான் பட்டறையில் சூளை வேலை பழகியவர்கள். அப்பா ஊரிலேயே இருந்து, மின்சார ஃபியூஸ் கட்டைக்குப் பீங்கான் செய்யும் சின்னப் பட்டறை ஒன்றை வைத்துக்கொண்டார். மாமா டார்வினுக்குப் போய், சமையல்காரராகச் சேர்ந்து, கடைசியில் கடற்கரைச் சந்தையில் சொந்தமாகத் தோசைக்கடை போட்டுவிட்டார். “சூளையில நின்னவனுக்குத் தோசக்கல்லு ஒரு சூடா?” என்பார். வருஷா வருஷம் ஊரிலிருந்து யாரையாவது டிக்கெட் எடுத்து அனுப்பி வரவழைத்துக்கொள்வது அவர் வழக்கம். அந்த மே மாத லீவுக்கு எங்கள் முறை.

விமான நிலையத்திலேயே அம்மாவுக்கு ஒரு துக்கம். அம்மா பொட்டலம் கட்டி எடுத்துப்போன வெங்காய வடகத்தை அங்கிருந்த ஆபீசர் முகர்ந்து பார்த்துவிட்டு, தலையை ஆட்டித் தனியே எடுத்து வைத்துவிட்டார். “மோந்து பாத்துட்டான் இல்ல, இனிமே அவனுக்குத் தூக்கம் வராது பாரு” என்று அம்மா மனதைத் தேற்றிக்கொண்டாள். அப்பா கொண்டுபோன பீங்கான் யானையை மட்டும் விட்டுவிட்டார்கள்.

வெளியே வந்தால் அதே வெயில், அதே வேர்வை. மாமா வீட்டுக் கொல்லையில் முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி. “இதுக்கா அண்ணே ரெண்டு பிளேனு மாறி வந்தோம்?” என்று அம்மா கேட்ட அந்த நிமிஷம், முருங்கை மரத்துக்கு அடியில் ஆட்டுக்குட்டி உயரத்தில் ஒன்று எழுந்து நின்று, முன்னங்கால் இரண்டையும் கும்பிடுவது மாதிரி வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. கங்காரு இனத்தில் சின்ன ஜாதியாம். அம்மா பதிலுக்குக் கும்பிட்டுவிட்டாள்.

மறுநாள் அந்த ஊரின் பெருமை என்று சொல்லி மாமா ஒரு மீன் வாங்கிவந்தார். பாராமுண்டி என்று பெயர். அதற்காகவே வெளியூர்க்காரர்கள் வருவார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டாள்.

“அண்ணே, இது நம்ம கொடுவா.”

மாமாவுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் புளி கரைத்து அம்மா வைத்த குழம்பில் மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டார்.

அப்பாவோடு வெளியே சாப்பிடப் போவதுதான் கஷ்டம். பீங்கான்காரர்கள் தட்டைச் சோற்றுக்காகப் பார்ப்பதில்லை. எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் தட்டைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்ப்பார், விரல் கணுவால் தட்டி, காதில் வைத்து ஓசை கேட்பார். ஒரு கடையில் பக்கத்து மேசை வெள்ளைக்காரர் கீழே வைத்த காபிக் கோப்பையையே எடுத்துக் கவிழ்த்துவிட்டார். அடியில் கொஞ்சம் காபி மிச்சம் இருந்தது. “மாப்ள, ஒன்னக் கூட்டிட்டு வந்ததுக்கு அந்த முதலையக் கூட்டிட்டு வந்திருக்கலாம்டா” என்றார் மாமா. அந்த முதலையை அதற்கு முந்தின நாள்தான் பார்த்திருந்தோம். படகிலிருந்து கழியில் இறைச்சியைக் கட்டி நீட்டுகிறார்கள். ஆற்றுக்குள்ளிருந்து பாதி உடம்பு செங்குத்தாக எழுந்து கவ்விக்கொண்டு போகிறது. அம்மா அதற்கு மட்டும் கும்பிடு போடவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது மாமாவின் கடை. வியாழனும் ஞாயிறும் சாயங்காலம் கடலோரம் சந்தை கூடும். சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்க ஊரே மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் நூடுல்ஸ், ஒரு பக்கம் பப்பாளிக்காயை இடித்துச் செய்த காரச் சாலட், நடுவே எங்கள் ஊர் மசால் தோசை. கடை வாசலில் ஒரு கரும்பலகை. ஆங்கிலத்தில் விலைப்பட்டியல், அதற்கு மேலே தமிழில் ‘வாங்க, சாப்பிட்டுப் போங்க’ என்று சாக்பீஸ் எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் முத்துக் கோத்த மாதிரி இருக்கும். எங்கேயோ காசு கொடுத்து எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா தோசை வார்க்க, அத்தை கல்லாவில் நிற்பாள். அத்தை என்றால் மாமாவின் மனைவி. அவளுடைய அப்பா பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அங்கேயே தனியாக இருந்தார். தினமும் காலையில் அத்தை அவருக்குப் போனில் படம் வரும்படி பேசுவாள். அவர் போனைக் கண்ணுக்கு ஒட்டி வைத்துக்கொள்வதால் எங்களுக்கு ஒரு புருவம் மட்டும் தெரியும். “செல்லுல பாத்தா பாத்த மாதிரியாம்மா? ஒனக்கு மூக்கு இருக்குதா, போயிடிச்சான்னுகூடத் தெரியல எனக்கு” என்பார். ஒருநாள் அத்தை சிரித்தபடியே போனை வைத்துவிட்டு, முருங்கை மரத்தடிக்குப் போய் வெகு நேரம் நின்றாள். அவள் ஊருக்குப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. மாமாவும் அதற்குப் பிறகு போகவில்லை.

“எல்லாரையும் இங்க வரவழைக்கிறாரே தவிர, நாம ஒருக்கா போயிட்டு வரலாம்னா காரக் கழுவப் போயிடறாரு” என்று அம்மாவிடம் சொன்னாள். அது நிஜம். நானே பார்த்தேன். பெண்ணாடம் என்ற பேச்சு வந்ததும் மாமா வாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கார் ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அத்தை என்னைத் தனியே கூப்பிட்டாள். கையில் ஒரு வெள்ளைத் தாள்.

“கண்ணு, எனக்குத் தமிழ் எழுதி ரொம்ப நாளாச்சு, கையி வரமாட்டேங்குது. நான் சொல்லச் சொல்ல நீ எழுதுறியா? கொளஞ்சியப்பருக்கு.”

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் இருக்கும் முருகன் அவர். அவரிடம் சும்மா வேண்டிக்கொண்டு வந்துவிடுவதில்லை, பிராது கொடுப்பார்கள். போலீஸ் ஸ்டேஷனில் எழுதுவது மாதிரியே தாளில் மனு எழுதி, யார் மேல் என்ன புகார் என்று குறிப்பிட்டு, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட வேண்டும். அப்புறம் சாமி பார்த்துக்கொள்வார். காரியம் முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போய், ராஜினாமா என்று ஒன்று எழுதிக் கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ள வேண்டும். மோட்டார் திருடு போனாலும் மருமகள் கோபித்துக்கொண்டு போனாலும் எங்கள் பக்கத்தில் முதலில் தேடுவது வெள்ளைத் தாளைத்தான்.

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். அத்தைக்குத் தெரியாது போலிருக்கிறது என்று சந்தோஷமாக உட்கார்ந்து எழுதினேன்.

‘என் வீட்டுக்காரர் நல்லவர். குடி கிடையாது, அடி கிடையாது. அவர் அம்மா இறந்தபோது அவரால் ஊருக்குப் போக முடியவில்லை. ஊரில் பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டுக் கதவைத் திறக்க அவருக்குப் பயம். அது எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. என் அப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. அது முழுசாக மங்குவதற்குள் நான் அவர் எதிரே போய் நிற்க வேண்டும். கதவை நானே திறக்கிறேன். என் வீட்டுக்காரர் கூட வந்தால் போதும்.’

எனக்கு இந்த மனு பிடிக்கவேயில்லை. காரம் இல்லை. எங்கள் தெருவில் ஆடு காணாமல் போனதற்கே இதைவிடப் பிரமாதமாக எழுதியிருந்தார்கள்.

“அத்த, ‘எதிரியோட கால மொடக்கவும்’னு ஒன்னு சேத்துக்கலாமா?”

“அய்யய்யோ! கால மொடக்கிட்டா எப்படி ஊருக்கு வருவாரு?” என்று அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தாளை நீளவாக்கில் மடித்து என் கையில் கொடுத்தாள். “ஊருக்குப் போனதும் நீயே கட்டிடணும். பெட்டியில வைக்காத, ஒன்கிட்டயே வச்சிக்க. யாருகிட்டயும் சொல்லக்கூடாது. மாமாகிட்ட சொல்லவே கூடாது. தெரியுதா?” யாரிடமும் சொல்லக்கூடாது என்பதை மூன்று தரம் சொன்னாள். என்னை நம்பி ஒருவர் ரகசியம் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் ஞாயிறு. விடியற்காலையில் வேனில் கிளம்பினோம். அருவியில் குளித்துவிட்டு, புற்றுகளைப் பார்த்துவிட்டு, சந்தைக்கு முன்னால் திரும்பிவிடுவது என்று ஏற்பாடு. மாவு வேலை இருக்கிறது என்று அத்தை வரவில்லை. “நீ முன்னாடி உக்காரு கண்ணு, மாமா பக்கத்துல. அப்பதான் எல்லாம் தெரியும்” என்று என்னை ஏற்றிவிட்டு, கதவையும் அவளே சாத்தினாள். மனு என் பாவாடை இடுப்பில் குத்திக்கொண்டே வந்தது. வழி நெடுக வாயைத் திறக்காமல் வந்தேன். “என்னா இன்னிக்கு ரேடியோ பாடல?” என்று மாமா இரண்டு முறை கேட்டார்.

அந்தப் புற்றைப் பார்த்தவர்கள்தான் நம்புவார்கள். இரண்டு ஆள் உயரம் அல்ல, மூன்று ஆள் உயரம். செம்மண்ணில் கோபுரம் எழுப்பி, பக்கவாட்டில் தூண் வைத்த மாதிரி நிற்கிறது. எல்லாம் கரையான் கட்டியது. அப்பா கிட்டே போய் மண்ணை நாக்கில் வைத்துப் பார்க்கத் துடித்தார்; அதுதான் களிமண் பார்க்கிற முறை. மரப்பலகை நடைபாதைக்கு அந்தப் பக்கம் கால் வைக்கக்கூடாது, இது இந்த மண்ணின் பூர்வ ஜனங்களுக்கு உரிய இடம் என்று மாமா பிடித்து இழுத்தார். அம்மாவோ நடைபாதையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள்.

“அண்ணே, டீக்கு வச்சிருக்கிற பால ஒரு சொட்டு...”

“தங்கச்சி, கையக் கட்டிக்கிட்டுக் கும்புடு, போதும். ஒன்னும் ஊத்தாத, ஒன்னும் வக்காத. அபராதம் போட்டுடுவான்.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அம்மா செருப்பைக் கழற்றிய இடம் கோயில் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த கணக்கு. யோசித்தேன். வழக்கு நடப்பது டார்வினில். எதிரி இதோ பத்தடி தள்ளி நின்று அப்பாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். சாமி எதிரே இருக்கிறது. இதற்கு எதற்கு விருத்தாசலம் வரை போக வேண்டும்? அவர்கள் வேனுக்குத் திரும்பியதும், ஒரு சடையை அவிழ்த்து, ரிப்பனால் மனுவைப் புற்றுக்கு நேர் எதிரே கைப்பிடிக் கம்பியில் இறுக்கிக் கட்டினேன். மூன்று முடிச்சு.

சாப்பாட்டுக் கூடையைத் திறக்கும்போது மாமா பார்த்துவிட்டார்.

“ஏம் பாப்பா, ஒத்தச் சடை அவுந்து கெடக்குது. ரிப்பன் எங்க?”

நான் ரகசியத்தைக் காப்பாற்றினேன். மனு என்ற வார்த்தையைச் சொல்லவேயில்லை. “அங்க கட்டியிருக்கேன்” என்று மட்டும்தான் சொன்னேன்.

“அய்யோ, அபராதம்!” என்று மாமா ஓடினார். அவர் ரிப்பனை அவிழ்ப்பதும் தாளைப் பிரிப்பதும் இங்கிருந்தே தெரிந்தது. ஒரு பக்கத் தாள்தான். ஆனால் அப்பா இரண்டு எலுமிச்சைச் சோற்று உருண்டையைத் தின்று முடிக்கும் வரை அவர் அங்கேயே நின்றார். என் கையெழுத்து புரியவில்லையோ என்று எனக்குக் கவலை. திரும்பி வந்து, என் பின்னால் உட்கார்ந்து, சடையைக் கோணல்மாணலாகப் பின்னி ரிப்பனைக் கட்டிவிட்டார். தாளைத் தரவில்லை.

 டார்வின் திரும்பும் வரை வேனில் அப்பா மட்டும் கரையானின் கட்டட வேலையைப் புகழ்ந்துகொண்டு வந்தார்.

அன்று சாயங்காலம் சந்தையில் கூட்டம் நெரித்தது. சூளைக்காரர் கல்லில் ஒரு தோசை கருகி நான் பார்த்ததில்லை. அன்று இரண்டு கருகின. சூரியன் கடலைத் தொடும்போது ஜனங்கள் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். மாமா மட்டும் கல்லாப் பக்கம் திரும்பினார்.

“மாசியில இங்க மழ. கடையும் கெடயாது” என்றார்.

“ஆமா” என்றாள் அத்தை.

“நம்ம ஊர்ல மாசி மகம் வரும் இல்ல.”

அத்தை கையிலிருந்த சில்லறையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். எதிரே இருந்த வெள்ளைக்காரம்மா கையை நீட்டியபடி காத்திருந்தாள்.

“டிக்கெட்டு பாக்கட்டுமா?” என்றார் மாமா. “ஆனா கதவ நீதான் தொறக்கணும்.”

மாசியில் வந்தார்கள். பெண்ணாடத்தில் அத்தையின் அப்பா இரண்டு கையாலும் அவள் முகத்தைத் தடவி, “மூக்கு இருக்குதும்மா” என்றார். தேர் பார்த்தார்கள், மாமாவின் பூட்டிய வீட்டைத் திறந்து கூட்டி விளக்கேற்றினார்கள். எங்கே கட்டினாலும் கொளஞ்சியப்பர் பெயருக்குத்தானே கட்டினது, ராஜினாமா எழுதாமல் திரும்பக்கூடாது என்று அம்மா பிடிவாதம் பிடித்து எல்லாரையும் மணவாளநல்லூருக்குக் கூட்டிப்போனாள். நானும் முன்னால் நடந்தேன். வழக்கு என்னுடையது அல்லவா?

கோயில் வாசலில் தேங்காய்க் கடை போட்டிருந்த அம்மாள் அத்தையைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். “ஏ பொண்ணு! நீயா? காலேஜு படிக்கறப்ப வாராவாரம் இந்த மரத்தடியில உக்காந்து எத்தினி பேருக்கு மனு எழுதிக் குடுத்திருப்ப! நீ போனதுலேருந்து இங்க ஒழுங்கா எழுத ஆளே இல்ல, போ.”

அத்தை சிரித்துக்கொண்டே அவளிடம் ஒரு தாள் வாங்கினாள். நான் பேனாவுக்குக் கையை நீட்டினேன். அத்தை அதைக் கவனிக்காத மாதிரி மரத்தடியில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் ராஜினாமாவை எழுதி முடித்தாள். எட்டிப் பார்த்தேன். முத்துக் கோத்த மாதிரி எழுத்து. அந்த எழுத்தை எங்கோ பார்த்த மாதிரியும் இருந்தது.

டார்வினில் கை வரவில்லை என்று சொன்னவளுக்கு, ஊர் மண்ணை மிதித்ததும் தமிழ் திரும்ப வந்துவிட்டதே என்று எனக்கு ஆச்சரியம். அதுவும் சாமி செய்ததுதான் என்று முடிவு செய்துகொண்டு, நான் வழக்கு ஜெயித்த கதையைத் தேங்காய்க்கடை அம்மாளுக்கு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.