சீட்டில் எதையாவது வைத்துவிட்டு இறங்கவும்

கண்டக்டருக்குத் தலைகளை எண்ணுவதில் நம்பிக்கை கிடையாது. தலைகள் குனியும், தூங்கும், ஜன்னலுக்கு வெளியே நீளும்; எண்ணினால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை. அதனால் பத்தொன்பது வருடமாக அவர் சீட்டைத்தான் பார்ப்பார். வண்டி நிற்கும் இடத்தில் சீட்டில் ஒரு துண்டோ தொப்பியோ கிடந்தால், ஆள் வெளியே இருக்கிறார், காத்திருக்க வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் ஊர் வந்து இறங்கிவிட்டார். பதினொரு மணி நேரம் ஓடும் அந்தப் பாதையில் எல்லோருக்கும் பழகிப்போன சட்டம் இது. ஒரு பெரியவர் வைக்க வேறொன்றும் இல்லாமல் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார். அந்த சீட்டுப் பக்கம் யாரும் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

அன்றைக்குக் கண்டக்டருக்கு அவசரம். பன்னிரண்டு வருடம் வீட்டு முன்னறையில் ஒற்றை மிஷினோடு மல்லுக்கட்டிய மனைவி, சாயங்காலம் ஐந்து மணிக்குச் சொந்தமாகத் தையல் கடை திறக்கிறாள். பெரியவள் பிறந்தபோது அவர் மலைப்பாதையில் பஞ்சரான டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். சின்னவள் பரிசு வாங்கியபோது வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்றார். "இதுக்காவது வந்து நில்லுங்க" என்று மனைவி ஒரே ஒரு வரி சொன்னாள். அவள் சுருக்கமாகப் பேசினால்தான் அவருக்குப் பயம். வண்டி நாலேகாலுக்கு ஊர் சேர்ந்துவிடும். கவலையில்லை.

காலையில் ஒரு வெளிநாட்டுப் பெண் ஏறினாள். பாஷை தெரியாது. முதுகில் முக்கால் ஆள் உயரப் பை. மேலே வைக்கச் சொன்னால் தலையை ஆட்டி, மடியில் வைத்துக் கட்டிக்கொண்டாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து உடனே பெயர் வைத்துவிட்டார். டிரைவர் வேறு யாருமில்லை, மனைவியின் தம்பி.

"ஆமை மாமா, ஆமை. வீட்டையே முதுகுல தூக்கிட்டு வருது."

"நீ ரோட்டைப் பாரு."

மதியம் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். அவள் பையோடு இறங்கினாள். கண்டக்டர் நடுவில் ஒரு நடை நடந்தார். அவளுடைய ஜன்னலோர சீட் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. புதிதாக ஏறிய மாவு மில்காரரை அதில் உட்கார வைத்து விசில் கொடுத்தார்.

நாற்பது நிமிடம் கழித்து, பக்கத்து சீட் நர்ஸ் தூக்கத்திலிருந்து விழித்தாள்.

"என்னண்ணே, அந்தப் பொண்ணு எங்க? கடைசி ஸ்டாப் வரைக்கும்ல டிக்கெட் காட்டினா."

அந்த டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்ததே அவர்தான். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு அது ஞாபகம் வரவில்லை.

"அடுத்த வண்டி மூணு மணி நேரத்துல வரும் மாமா. அதுல ஏறிக்கட்டும்" என்றார் டிரைவர். "இப்பத் திரும்பினா அஞ்சு மணி போச்சு. அக்கா உங்களை விட்டாலும் என்னை விடமாட்டா."

கண்டக்டர் கம்பியைப் பிடித்தபடி நின்றார். சாப்பிடப் போகும்போதுகூடப் பையைத் தூக்கிப் போகிறாளென்றால், இந்த ஊரில் ஒருத்தரையும் நம்பவில்லை என்று அர்த்தம். இப்படியே போய்விட்டால் அவள் நினைத்தது சரி என்று ஆகிவிடும். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"திருப்புடா."

பஸ் முழுக்க முணுமுணுத்தது. மாவு மில்காரர் மட்டும் எழுந்து சீட்டைத் தட்டிவிட்டு, படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவள் வண்டி விட்டுப்போன இடத்திலேயே நின்றிருந்தாள், பை முதுகிலேயே. ஏறியதும் பொரிந்து தள்ளினாள். திட்டு என்று தெரிந்தது. அர்த்தம் தெரியாததால் வலிக்கவில்லை. கண்டக்டர் தன் தொப்பியை சீட்டில் வைத்தார், இறங்கினார், திரும்ப ஏறினார், தொப்பியைக் காட்டினார். இரண்டு தடவை நடித்த பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த நிறுத்தத்தில் மறுபடியும் முழுப் பையையும் தூக்கிக்கொண்டு இறங்கினாள். கண்டக்டர் அவள் வரும்வரை அந்த சீட்டில் தானே உட்கார்ந்துகொண்டார்.

கடைக்கு அவர் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு. கதவு திறந்திருந்தது. உள்ளே நாலு பேர் துணியோடு நின்றார்கள். மனைவி கழுத்தில் டேப்போடு யாருக்கோ தோள் அளந்துகொண்டிருந்தாள்.

"டாண்ணு அஞ்சுக்குத் திறந்துட்டேன்" என்றாள், திரும்பாமல். "தம்பி போன்ல சொன்னான். அந்தப் பொண்ணு அழுதாளா?"

"இல்ல. திட்டினா."

"என்னன்னு?"

"புரியல."

"நான் திட்டினா புரியும்ல? கூட்டம் போகட்டும். அதுவரைக்கும் அப்படி உட்காருங்க."

அவர் துணியோடு வந்தவர்களோடு பெஞ்சில் ஒண்டி உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருந்தார்.